200 மி.மீ. கோடு தாளில் 193 மி.மீ.தான் வருகிறது: கேட் அமைப்பில் எங்கே பிசகு?

கோடும்கோணமும்:

வணக்கம். கணினி வரைபட மென்பொருளான ஆட்டோகேடில் ஓரளவு வரையத் தெரியும். வரைந்ததை ஒழுங்காக அச்சிடுவதுதான் பிடிபடவில்லை. ஒரு தாங்குதட்டின் படத்தை 1:1 ஸ்கேலில் பிடிஎஃப் ஆக்கி ஏ3 தாளில் எடுத்தேன். 200 மி.மீ. இருக்கவேண்டிய விளிம்பு, ஸ்டீல் ரூல் வைத்துப் பார்த்தால் 193-ஐக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடுகிறது. கோப்பில் நீளம் அளக்கும் டிஸ்ட் கட்டளை கொடுத்தால் 200 என்றுதான் காட்டுகிறது.

கூடவே வேறு தொல்லைகளும் உண்டு. மறைகோடுகள் ஒரு வியூபோர்ட்டில் விட்டுவிட்டு வருகின்றன, பக்கத்து வியூபோர்ட்டில் முழுக்கோடாகிவிடுகின்றன (வியூபோர்ட் என்றால் தாளில் படத்தைக் காட்டும் சன்னல்). அச்சில் எல்லாக் கோடும் ஒரே தடிமன். இன்னொருவர் அனுப்பிய போல்ட் பிளாக்கை (ஆயத்தப் படத்துண்டு) உள்ளே செருகினால் படத்தையே மூடிக்கொண்டு நிற்கிறது.

மென்பொருளை அடியிலிருந்து அமைப்பதாக இருந்தால் நீங்கள் எந்த வரிசையில் போவீர்கள்?

பிளாட்டர்பித்தன்:

பிடிஎஃப் திறக்கும் மென்பொருளின் பிரிண்ட் பெட்டியில் 'ஃபிட்' என்று இருக்கும். அதை 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றுங்கள். 193 தீர்ந்தது.

வரைபலகை:

பித்தன் சொன்னதுதான் காரணம். எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதால் கணக்கையும் போடுகிறேன்.

ஏ3 தாள் 420 × 297. அச்சுப்பொறி நான்கு பக்கமும் 5 மி.மீ. ஓரம் விட்டால் மிஞ்சுவது 410 × 287. 410/420 என்பது 0.976. 287/297 என்பது 0.966. படம் கோணாமல் உள்ளே அடங்கவேண்டும் என்றால் இரண்டில் சிறியதைத்தான் அது எடுக்கும். 200 × 0.966 = 193.2. உங்கள் ரூல் காட்டியதும் அதுதான்.

அளவு தப்பாக வந்தால் உடனே அமைப்புகளைக் கிளற வேண்டாம். தாளில் வந்ததை இருக்கவேண்டியதால் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதமே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். 0.96, 0.97 என்றால் ஓரத்துக்குள் அடக்கிய வேலை. 0.94 என்றால் ஏ4 பக்கத்தை லெட்டர் தாளுக்குள் திணித்திருக்கிறது (279.4/297). 0.707 என்றால் ஏ3 பக்கம் ஏ4 தாளில் இறங்கியிருக்கிறது. 25.4 மடங்கு கூடியோ குறைந்தோ வந்தால் அங்குலமும் மில்லிமீட்டரும் மோதியிருக்கின்றன. 1000 என்றால் மீட்டரும் மில்லிமீட்டரும். நீளவாக்கில் மட்டும் 0.998, குறுக்குவாக்கில் சரி என்றால் மென்பொருளை விட்டுவிடுங்கள், அது அச்சுப்பொறியின் உருளை.

அதனால் எப்போதும் இரண்டு திசையிலும் அளக்கவேண்டும். இரண்டிலும் ஒரே விகிதத்தில் பிசகினால் அது ஏதோ ஓர் அமைப்பு செய்த வேலை. திசைக்குத் திசை மாறினால் பெரும்பாலும் இயந்திரமோ தாளோதான். ஒரு திசையில் மட்டும் அளந்துவிட்டு ஸ்கேலை 1.035 என்று மாற்றி ஒப்பேற்றுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோப்பு வேறு அச்சுப்பொறிக்குப் போகும்போது கதை கந்தல்.

கோடும்கோணமும்:

'ஃபிட்' டிக் ஆகித்தான் இருந்தது. எடுத்துவிட்டு அச்சிட்டேன். இப்போது ஒரு திசையில் 200, இன்னொரு திசையில் 199.5 மாதிரி. நீங்கள் சொன்ன உருளை இதுதானா?

இன்னொரு சந்தேகம். ஆட்டோகேடிலும் 'ஃபிட் டு பேப்பர்' என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதே வேலையைத்தான் செய்யுமா?

வரைபலகை:

ஆமாம், அதுவும் இதே வேலைதான். இரண்டு இடத்திலும் எடுத்துவிடவேண்டும். 199.5-க்குக் கடைசியில் வருவோம். மேலே இருப்பதெல்லாம் சரியாகாமல் அதைத் தொட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் அலகு. புதுக் கோப்பை எந்த டெம்ப்ளேட்டிலிருந்து திறக்கிறீர்கள் என்று பாருங்கள். 'அகாட்' என்ற டெம்ப்ளேட் அங்குலத்துக்கு, 'அகாட்ஐஎஸ்ஓ' மில்லிமீட்டருக்கு. பெயரில் மட்டும் வேறுபாடு என்று நினைக்கவேண்டாம். கோட்டு வகைகள், ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோடுகள்) வடிவங்கள், அளவுக் குறிப்புகளின் உயரம் எல்லாமே அதோடு மாறும். மெஷர்மென்ட் என்ற மாறி 0 என்றால் அங்குலக் கோட்டுக் கோப்பும் ஹேட்ச் கோப்பும் வரும், 1 என்றால் மெட்ரிக். மி.மீ.யில் வரைந்துகொண்டு இது 0 ஆக இருந்தால் ஹேட்ச் 25 மடங்கு நெருங்கிக் கறுப்புத் திட்டாகத் தெரியும். பலர் ஹேட்ச் ஸ்கேலை மாற்றிச் சமாளிப்பார்கள். மாற்றவேண்டியது மெஷர்மென்டை.

அடுத்தது யூனிட்ஸ் கட்டளை. இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். அதில் அலகை மாற்றினால் ஏற்கெனவே வரைந்த எதுவும் மாறாது. ஆட்டோகேடுக்கு உள்ளே இருப்பது வெறும் எண். 200 என்பது 200 அலகு, அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் 'இன்சர்ஷன் ஸ்கேல்' என்று கீழே இருப்பது (இன்ஸ்யூனிட்ஸ் மாறி: அங்குலம் 1, மி.மீ. 4, செ.மீ. 5, மீட்டர் 6) வெளியிலிருந்து பிளாக் வரும்போது மட்டும் பேசும். உங்கள் போல்ட் பிளாக்கை வரைந்தவர் மி.மீ. எண்களில் வரைந்துவிட்டு கோப்பில் அங்குலம் என்று விட்டிருப்பார். உங்கள் கோப்போ மி.மீ. என்று சொல்கிறது. ஆட்டோகேட் நேர்மையாக 25.4-ஆல் பெருக்கிக் கொடுத்துவிட்டது. பிளாக் கோப்பைத் தனியாகத் திறந்து இன்ஸ்யூனிட்ஸை 4 ஆக்கிச் சேமித்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

கோப்பே உண்மையில் அங்குலத்தில் வரையப்பட்டிருந்தால் மட்டும்தான் ஸ்கேல் கட்டளையால் 25.4 மடங்கு பெருக்கவேண்டும், அடிப்புள்ளி 0,0. 25.4 என்பது தோராயம் இல்லை. 1959 உடன்பாட்டுப்படி அங்குலம் என்றாலே சரியாக 25.4 மி.மீ.தான். 25 என்று உருட்டிப் போட்டால் 1.6 விழுக்காடு போய்விடும்.

நுனிப்பென்சில்:

யூனிட்ஸ் பெட்டியைத் திறந்ததும் பிரெசிஷனை 8 தசமத்துக்கு வையுங்கள். அளவுக் குறிப்பில் எத்தனை தசமம் வேண்டும் என்பது வேறு கதை, அதை டிம்ஸ்டைலில் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பிளாட்டர்பித்தன்:

8 தசமமா? அலமாரி செய்கிறவனுக்கு அரை மில்லி போதும். 8 தசமம் வைத்து யாருக்கு லாபம்?

நுனிப்பென்சில்:

அரை மில்லி போதும் என்பது செய்யும்போது. பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் 8 தசமம்.

ஒரு கணக்கு. அடுத்தடுத்து மூன்று தட்டு, ஒவ்வொன்றும் 1000 என்று குறிப்பு. தசமம் பூஜ்யம் என்று வைத்திருப்பதால் 1000.4 இருப்பதும் 1000 என்றே காட்டுகிறது. மொத்த அளவைப் போட்டால் 3001.2, அது 3001 என்று வரும். தாளைப் பார்ப்பவர் 1000 + 1000 + 1000 = 3001 என்று படிப்பார். அப்புறம் யாராவது அந்தக் குறிப்பைச் சொடுக்கி 3000 என்று கையால் அடித்துவிடுவார். கையால் அடித்த அந்தக் குறிப்பு அதற்குப் பிறகு படம் எப்படி மாறினாலும் 3000 என்றே நிற்கும். எனக்கு வரும் கோப்புகளில் நான் முதலில் தேடுவதே இப்படி அடித்த எண்களைத்தான்.

அந்த 0.4 எப்படி வந்தது? கண்ணால் பார்த்து இழுத்தது. புள்ளியைச் சரியாகப் பிடிக்க உதவும் ஓஸ்னாப்பில் எண்ட்பாயின்ட், மிட்பாயின்ட், சென்டர், இன்டர்செக்ஷன், பெர்பெண்டிகுலர் போதும். நியரஸ்டை நிரந்தரமாக வைக்காதீர்கள். அது கோட்டின் மேல் எங்கே வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும், திரையில் முனையில் பிடித்த மாதிரியே தெரியும். கோணம் 89.97 ஆவதும் இப்படித்தான். யூனிட்ஸில் கோணத்துக்கும் தசமத்தைக் கூட்டி, சந்தேகமான கோட்டை லிஸ்ட் கொடுத்துப் பாருங்கள். 90 என்று உருட்டிக் காட்டுவதும் உண்மையான 90-உம் வேறு வேறு என்பது அப்போது தெரியும்.

கடைசியில் ஓவர்கில் ஒருமுறை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் கோடுகளை அது தூக்கிவிடும். லேசர் வெட்டுக்கு அனுப்புகிறவர்கள் இதை மறக்கவே கூடாது, இல்லாவிட்டால் ஒரே விளிம்பை இரண்டு தடவை வெட்டும்.

மூன்றாம்கோணம்:

இன்னொன்று சேர்க்கிறேன். நில அளவைக் கோப்பை உள்ளே கொண்டுவந்தால் படம் மூலப்புள்ளியிலிருந்து பல லட்சம் அலகு தள்ளி உட்கார்ந்திருக்கும். ஆட்டோகேட் எண்களை 64 பிட்டில் வைக்கிறது, மொத்தம் 15, 16 இலக்கம்வரைதான் நம்பலாம். புள்ளிக்கு முன்னால் ஏழெட்டு இலக்கம் போய்விட்டால் பின்னால் மிஞ்சுவது குறைகிறது. அதிலேயே பெரிய கட்டடம் வரையப் போதுமான துல்லியம் உண்டு, ஆனால் ஹேட்ச் நிரம்ப மறுப்பது, திரையில் கோடு நடுங்குவது, வட்டம் சிதைந்து தெரிவது எல்லாம் அங்கேதான் தொடங்கும். பாகங்களை 0,0 அருகிலேயே வரையுங்கள். நில அளவைப் படத்தைத் தனிக் கோப்பாக வைத்து எக்ஸ்ரெஃபாக (வெளிக்கோப்பு இணைப்பாக) இணைத்துக்கொள்ளலாம்.

கோடும்கோணமும்:

போல்ட் சரியாகிவிட்டது, அளவாக உட்கார்ந்தது. மெஷர்மென்ட் 0 என்றுதான் இருந்தது, 1 ஆக்கினேன்.

அடுத்து லேயவுட், அதாவது அச்சுத்தாளை அமைக்கும் பக்கம். என் அலுவலகத்தில் ஒருவர் லேயவுட்டே வேண்டாம், தலைப்புக் கட்டத்தை 50 மடங்கு பெரிதாக்கி, வரையும் இடமான மாடலிலேயே வைத்து 1:50-ல் அச்சிடு என்கிறார். அப்படிச் செய்யலாமா?

பிளாட்டர்பித்தன்:

தாராளமாகச் செய்யலாம். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன். ஒரு தாள், ஒரு ஸ்கேல் என்றால் லேயவுட் வீண் வேலை. வரைந்தாயா, சட்டம் போட்டாயா, விண்டோ பிடித்து பிளாட் கொடுத்தாயா, அவ்வளவுதான்.

வரைபலகை:

பித்தனுடைய வழியில் தாள் சரியாகவே வரும், மறுக்கவில்லை. ஆனால் தாங்குதட்டை 1:5-லும் அதன் ஒரு மூலையை 2:1-லும் ஒரே தாளில் காட்டவேண்டும் என்றால் என்ன செய்வது? மூலையைப் பிரதி எடுத்துப் பத்து மடங்கு பெருக்கவேண்டும். பெருக்கியதும் அதன் அளவுக் குறிப்புகள் பத்து மடங்கு பொய் சொல்லும். அதைச் சரிக்கட்ட, அளவுக் குறிப்பின் எண்ணைப் பெருக்கும் டிம்எல்ஃபேக் மாறியை 0.1 ஆக்கவேண்டும். மூலப் பாகத்தைத் திருத்தினால் பிரதி திருந்தாது. இப்போது ஒரே பாகம் கோப்பில் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கும்.

லேயவுட்டில் விதி எளிது. மாடலில் எதையும் உள்ளபடி 1:1. லேயவுட்டில் தாளும் உள்ளபடி 1:1. இரண்டுக்கும் நடுவிலுள்ள வியூபோர்ட்டில் மட்டும்தான் ஸ்கேல்.

ஏ3 லேயவுட்டை இப்படி அமையுங்கள். பேஜ் செட்டப்பில் சாதனமாக 'டிடபிள்யூஜி டு பிடிஎஃப்', தாளாக 'ஐஎஸ்ஓ ஃபுல் பிளீட் ஏ3'. சும்மா ஏ3 எடுத்தால் அச்சாகாத ஓரத்தை விட்டுவிட்டு மூலையைக் கணக்கிடும், சட்டம் நகர்ந்து நிற்கும். பிளாட் ஏரியா 'லேயவுட்', ஸ்கேல் 1:1. சட்டக் கோட்டை ஐஎஸ்ஓ 5457 சொல்கிறபடி இடப்பக்கம் 20, மற்ற மூன்று பக்கமும் 10 விட்டுப் போட்டால் உள்ளே 390 × 277 கிடைக்கும். தலைப்புக் கட்டம் 180 மி.மீ. அகலம், வலப்பக்கக் கீழ்மூலையில். அந்த 180 ஏன் என்றால், ஏ4-இன் 210 அகலத்தில் இந்த ஓரங்களைக் கழித்தால் மிஞ்சுவது அதுதான். ஒரே கட்டம் எல்லாத் தாளுக்கும் பொருந்தும்.

வியூபோர்ட்டுக்குள் போய் ஜூம் கட்டளையில் 1/5எக்ஸ்பி என்று அடியுங்கள், அல்லது கீழ்ப்பட்டையில் 1:5 தேர்ந்தெடுங்கள். மி.மீ.யில் வரைந்தால்தான் இது நேரடியாகப் பொருந்தும். மீட்டரில் வரைந்த தளப்படத்தை 1:50-ல் காட்ட 1000/50, அதாவது 20எக்ஸ்பி. அப்புறம் உடனே 'டிஸ்பிளே லாக்டு' போட்டுவிடுங்கள். பூட்டாத வியூபோர்ட்டுக்குள் சுட்டியின் சக்கரத்தைத் தொட்டாலே ஸ்கேல் 1:4.87 ஆகிவிடும், தலைப்புக் கட்டமோ 1:5 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

நுனிப்பென்சில்:

வியூபோர்ட் சட்டமே அச்சில் வந்துவிடும், அதற்குத் தனி லேயர் (அடுக்கு) வைத்து அதன் பிளாட் குறியை அணைத்துவிடுங்கள். டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் போடுவதும் வழக்கம்தான், அது அச்சாகாது. நான் அதில் எதையும் போடுவதில்லை. தெரியாமல் அந்த லேயரில் வரைந்த உண்மையான கோடு திரையில் தெரியும், தாளில் காணாமல் போகும். தேடித் தேடிக் கண் பூத்துவிடும்.

கோடும்கோணமும்:

அளவுக் குறிப்பை மாடலில் போடுவதா, லேயவுட்டில் போடுவதா?

வரைபலகை:

இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு, சண்டை ஓயாது. டிம்அசாக் மாறி 2 என்று இருந்தால் லேயவுட்டில் போடும் குறிப்பும் வியூபோர்ட் வழியாக மாடலின் உண்மை அளவையே எடுக்கும். ஒரு தாளுக்கு ஒரு பாகம் என்று வரையும் இயந்திரப் படங்களுக்கு இது சுத்தமாக இருக்கும். கட்டடப் படத்தில் சுவர் நகர நகரக் குறிப்பும் நகரவேண்டும். அங்கே மாடலிலேயே அன்னோட்டேட்டிவ் (ஸ்கேலுக்கேற்பத் தானே அளவு மாறும்) குறிப்பாகப் போடுவது நல்லது. லேயவுட் குறிப்புகள் சிலசமயம் பிடியை விட்டுவிடும், எதில் ஒட்டியிருந்தது என்பதையே மறந்து அந்தரத்தில் தொங்கும்.

எதுவானாலும் எழுத்தின் உயரம் தாளில் எத்தனை மி.மீ. என்பதே கணக்கு. ஐஎஸ்ஓ 3098 வரிசை 1.8, 2.5, 3.5, 5, 7, 10 என்று போகும். ஏ3-இல் அளவுக்கு 2.5, தலைப்புக்கு 3.5 அல்லது 5.

மூன்றாம்கோணம்:

தலைப்புக் கட்டத்தில் வெட்டுக்கூம்புக் குறியை மறந்துவிடாதீர்கள். தோற்றங்களைத் தாளில் அடுக்கிய முறை முதற்கோணமா மூன்றாம் கோணமா என்று சொல்லாத படத்தில் இடப்பக்கத் தோற்றம் எது, வலப்பக்கம் எது என்று செய்கிறவர் ஊகிக்கவேண்டியிருக்கும். அளவெல்லாம் அச்சுக் கொத்தினாற்போல் இருந்து, துளை மட்டும் எதிர்ப்பக்கம் வந்து நிற்கும். (பெயருக்கேற்ற ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நுனிப்பென்சில்:

> மறைகோடுகள் ஒரு வியூபோர்ட்டில் விட்டுவிட்டு வருகின்றன, பக்கத்து வியூபோர்ட்டில் முழுக்கோடாகிவிடுகின்றன

பிஎஸ்எல்டிஸ்கேல் என்ற மாறி 0 ஆக இருக்கும். 1 ஆக்குங்கள், படத்தைப் புதுப்பிக்க ரீஜென்ஆல் கொடுங்கள். 1 என்றால் கோட்டின் துண்டுநீளம் தாளின் கணக்கில் வரும், அதனால் 1:5 வியூபோர்ட்டிலும் 2:1 வியூபோர்ட்டிலும் ஒரே மாதிரி தெரியும். மாடலில் வேலை செய்யும்போதும் அப்படியே தெரியவேண்டும் என்றால் எம்எஸ்எல்டிஸ்கேலும் 1.

அதற்குப் பிறகு எல்டிஸ்கேல், கோப்பின் எல்லாக் கோட்டு வகைக்கும் பொதுவான மடங்கு. மெட்ரிக் கோட்டுக் கோப்பில் டேஷ்டு என்பது 12.7 கோடு, 6.35 இடைவெளி. அங்குலக் கணக்கின் அரையும் காலும்தான் அப்படி வந்திருக்கிறது. எல்டிஸ்கேல் 1 என்றால் தாளில் 12.7 மி.மீ. துண்டு, ஏ3-க்கு அது மிக நீளம். 0.3 வைத்தால் 3.8 மி.மீ. துண்டு, பார்க்க நன்றாக இருக்கும். ஒரே ஒரு குட்டிக் கோடு மட்டும் அடம்பிடித்தால் அதன் சொந்த லைன்டைப் ஸ்கேலைக் குறையுங்கள். அதற்காக எல்டிஸ்கேலைத் தொட்டால் கோப்பு முழுக்க ஆடும்.

கோடும்கோணமும்:

வந்துவிட்டது, இரண்டு வியூபோர்ட்டிலும் ஒரே மாதிரி. தடிமன் மட்டும் பாக்கி. திரையில் எல்டபிள்யூடிஸ்பிளே போட்டால் தடிமனாகத் தெரிகிறது, அச்சில் இல்லை.

பிளாட்டர்பித்தன்:

சிடிபி என்ன வைத்திருக்கிறீர்கள்? 'நன்' என்றா?

கோடும்கோணமும்:

அலுவலகத்தில் கொடுத்த ஒரு சிடிபி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

பிளாட்டர்பித்தன்:

அதைத் திறந்து பாருங்கள். சிடிபி என்பது வண்ணத்தை வைத்து முடிவெடுக்கும் கோப்பு: 1-ஆம் வண்ணம் இந்தத் தடிமன், 2-ஆம் வண்ணம் அந்தத் தடிமன் என்று 255 வண்ணத்துக்கும் வரிசை இருக்கும். அங்கே தடிமன் எழுதியிருந்தால் லேயரில் நீங்கள் வைத்த தடிமன் செல்லாது. 'யூஸ் ஆப்ஜெக்ட் லைன்வெயிட்' என்று இருந்தால்தான் லேயரின் பேச்சு எடுபடும். மோனோக்ரோம் சிடிபியில் அப்படித்தான் இருக்கிறது, எல்லா வண்ணத்தையும் கறுப்பாக்கிவிட்டு தடிமனை லேயரிடம் விட்டுவிடும். புதிதாக அமைக்கிறவர்களுக்கு அதுவே போதும்.

அந்த 255-க்கு வெளியே உள்ள ட்ரூ கலர் எதையும் வண்ணமாக வைக்காதீர்கள். சிடிபி அதைக் கண்டுகொள்ளாது, கறுப்புப் படத்தில் ஒரு கோடு மட்டும் நிறத்தோடு வரும்.

வரைபலகை:

பிளாட் பெட்டியில் 'பிளாட் ஆப்ஜெக்ட் லைன்வெயிட்ஸ்' டிக் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தடிமன்களை மனம்போன போக்கில் வைக்கவேண்டாம். 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1.0 என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு, அதாவது ரூட் 2. தாளும் ஏ4-இலிருந்து ஏ3-க்கு அதே மடங்கில்தான் வளர்கிறது, எழுத்து உயரமும் அப்படியே. படத்தை ஒரு தாள் அளவு கூட்டினாலோ குறைத்தாலோ கோடு, எழுத்து எல்லாம் வரிசையின் அடுத்த எண்ணில் போய் உட்காரும்படி இந்த அமைப்பைச் செய்திருக்கிறார்கள். ஏ3 இயந்திரப் படத்துக்குப் புற விளிம்பு 0.5, மறைகோடு, மையக்கோடு, அளவுக்கோடு எல்லாம் 0.25. இரண்டே தடிமன், பாதிக்குப் பாதி. 2.5 உயர எழுத்துக்கும் 0.25 கோடுதான் பொருந்தும், உயரத்தில் பத்தில் ஒன்று.

ஏ1-இல் வரைந்ததை ஏ3-இல் எடுத்துப் பார்ப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. நீளம் சரியாகப் பாதியாகும். 1:50 படம் 1:100 ஆகிவிடும், 2.5 எழுத்து 1.25 ஆகி யாராலும் படிக்க முடியாது. அப்படி எடுப்பார்கள் என்று தெரிந்தால் ஏ1-இலேயே எழுத்தை 3.5, 5 என்று வையுங்கள். தலைப்புக் கட்டத்தில் 'ஏ1 தாளில் 1:50' என்று தாளின் பெயரோடு ஸ்கேலை எழுதுங்கள். பக்கத்தில் ஓர் அளவுப்பட்டையும் வரைந்துவிட்டால் படம் எத்தனை முறை சுருங்கினாலும் அதுவும் கூடவே சுருங்கும்.

புதுக்கோடு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் லிப்ரேகேட் என்ற இலவச வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இதில் லேயவுட்டைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், காணோம்.

நுனிப்பென்சில்:

லிப்ரேகேடில் லேயவுட், வியூபோர்ட் கிடையாது. பித்தனுடைய பழைய முறைதான் அங்கே முறை. 'கரன்ட் டிராயிங் பிரிஃபரன்சஸ்' உள்ளே அலகை மி.மீ. என்றும் தாளை ஏ3 என்றும் வையுங்கள். 1:1-ல் வரையுங்கள், பிரிண்ட் பிரிவியூவில் ஸ்கேலை 1:5 என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். தானாகப் பொருத்திக்கொள்ள விடாதீர்கள். 1:5-ல் அச்சிடும் தாளில் 2.5 எழுத்து வரவேண்டும் என்றால் படத்தில் 12.5 உயரம் கொடுக்கவேண்டும், சட்டத்தையும் 5 மடங்கு பெரிதாக வரையவேண்டும்.

ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பை நம்பி இருக்காதீர்கள், மென்பொருள்களுக்கிடையே படத்தைப் பரிமாறும் டிஎக்ஸ்எஃப் வடிவில் வேலை செய்யுங்கள்.

புதுக்கோடு:

நன்றி. தமிழில் குறிப்பு எழுதினால் சிலரிடம் கேள்விக்குறியாகத் தெரிகிறது என்கிறார்கள், அது எதனால்?

நுனிப்பென்சில்:

அது எழுத்துரு. கேடுடன் வரும் எஸ்எச்எக்ஸ் வகைக் கோட்டெழுத்துகளில் தமிழ் கிடையாது. டெக்ஸ்ட் ஸ்டைலில் லதா, நிர்மலா மாதிரி ஒரு யூனிகோட் ட்ரூடைப் எழுத்துருவை வைக்கவேண்டும், பெறுகிறவர் கணினியிலும் அது இருக்கவேண்டும். இல்லையென்றால் பிடிஎஃப்பாகவே அனுப்பிவிடுங்கள். அனுப்புமுன் 'கெ', 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கிறதா என்று பிடிஎஃப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா மென்பொருளும் தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோப்பதில்லை.

கோடும்கோணமும்:

மோனோக்ரோம் வைத்ததும் தடிமன் வந்துவிட்டது. ஆனால் பிடிஎஃப்பைப் பெரிதாக்கினால் வட்டங்கள் பலகோணமாகத் தெரிகின்றன.

பிளாட்டர்பித்தன்:

திரையில் பலகோணமாகத் தெரிந்தால் ரீஜென் போதும். பிடிஎஃப்பில் என்றால் அந்தச் சாதனத்தின் கஸ்டம் ப்ராபர்ட்டீஸ் உள்ளே வெக்டர் குவாலிட்டியைக் கூட்டுங்கள். வளைவைச் சிறு சிறு நேர்க்கோடாக வெட்டித்தான் அது எழுதுகிறது, 1200 வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. கோப்பு கொஞ்சம் கனக்கும்.

கோடும்கோணமும்:

சரி, இப்போது அந்த 199.5-க்கு வரலாமா?

வரைபலகை:

வரலாம் தம்பி. தனியாக ஒரு சோதனைத் தாள் செய்துகொள்ளுங்கள். ஏ3 லேயவுட்டில், வியூபோர்ட் எதுவும் இல்லாமல், தாளிலேயே 380 × 260 செவ்வகம். மூலைவிட்டம் இரண்டையும் போடுங்கள். சிறிய கோட்டை அளந்தால் கண்ணின் பிழையும் ரூலின் பிழையும் சேர்ந்து உண்மையை மறைத்துவிடும், அதனால்தான் பெரிய செவ்வகம். ரூலின் முனை தேய்ந்திருக்கும், 10-ஆம் கோட்டிலிருந்து அளவெடுத்துப் பத்தைக் கழியுங்கள்.

இரண்டு பக்கமும் தனித்தனியாக எவ்வளவு என்று பாருங்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமாக இல்லாவிட்டால் தாள் சாய்ந்து போயிருக்கிறது. அந்தப் பிழையை எந்த எண்ணாலும் திருத்த முடியாது, தாள்தட்டின் பக்கத் தடுப்பை இறுக்கிவிட்டு மறுபடி எடுக்கவேண்டும்.

பொதுவாகத் தாள் நகரும் திசையில்தான் பிசகும். உருளை தேய்ந்தாலும் தாள் வழுக்கினாலும் அந்தத் திசைதான் கெடும். லேசர் அச்சில் இன்னொரு சங்கதி உண்டு. மையை உருக்கும் சூட்டில் தாளின் ஈரம் போய்ச் சுருங்கும், அப்புறம் காற்றில் மெல்ல மீளும். அதனால் வெளியே வந்ததும் அளக்காமல் சற்று ஆறவிட்டு அளக்கவேண்டும்.

திருத்தவேண்டும் என்றால் ஆட்டோகேடின் சாதன அமைப்பில் 'கேலிபிரேட் பிளாட்டர்' இருக்கும். அது ஒரு செவ்வகத்தை அச்சிடும், நீங்கள் அளந்த நீள அகலத்தைக் கொடுத்தால் திசைக்கு ஒரு திருத்தத்தைப் பிஎம்பி என்ற கோப்பில் எழுதிவைக்கும். இது அந்தச் சாதனத்துக்கு மட்டும் உரியது. நீங்கள் பிடிஎஃப் வழியாக அச்சிடுவதால் இது வேலைக்கு உதவாது, அச்சுப்பொறிக்கு நேரடியாக பிளாட் கொடுக்கும்போது மட்டும்தான். பிடிஎஃப் சாதனத்துக்குத் திருத்தம் போட்டு வைத்துவிடாதீர்கள், வெளியே அனுப்பும் எல்லாக் கோப்பும் கோணிவிடும்.

மூன்றாம்கோணம்:

0.5 மி.மீ.க்காக இவ்வளவா என்று கேட்கத் தோன்றுகிறது. படத்தில் எண் எழுதியிருக்கிறதே, தாளை ரூல் வைத்து அளந்து யாராவது பாகம் செய்வார்களா?

கோடும்கோணமும்:

இந்தத் தாளை உலோகத் தட்டின்மேல் ஒட்டி அதன்மேலேயே துளை மையம் குத்தப்போகிறேன். அதனால்தான் கேட்டேன்.

மூன்றாம்கோணம்:

அப்படியென்றால் சரி, கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்.

வரைபலகை:

ஒட்டுத்தாளுக்கு இன்னும் சில. தாளின் மேற்பக்கம், பக்கவாட்டு என்று இரண்டு திசையிலும் 100 மி.மீ. சோதனைக்கோடு போட்டு '100' என்று எழுதிவைத்துவிடுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் அதை அளக்கவேண்டும். நீர்ப்பசை வேண்டாம், தாள் நனைந்து விரியும். ஸ்பிரே பசையோ இரட்டைப்பக்க டேப்போ நல்லது. துளை மையத்துக்கு வட்டம் மட்டும் போதாது, 0.13 தடிமனில் குறுக்குக்கோடு வேண்டும். 0.5 கோட்டின் நடுவை எந்தக் கண்ணும் சரியாகப் பிடிக்காது. வேலை 0.2-க்குள் நிற்கவேண்டும் என்றால் தாளை விட்டுவிட்டுப் பாலியெஸ்டர் படலத்தில் எடுங்கள். அது ஈரத்துக்குத் தாளைப்போல் விரிந்து சுருங்காது. ஆனால் உங்கள் அச்சுப்பொறியின் சூட்டைத் தாங்கும் வகைதானா என்று பெட்டியில் பார்த்துத்தான் உள்ளே விடவேண்டும்.

கோடும்கோணமும்:

380 × 260 செவ்வகம் எடுத்தேன், ஆறவிட்டு அளந்தேன். 380 சரியாக இருக்கிறது. 260 பக்கம் 259.4. மூலைவிட்டம் இரண்டும் சமம். தாள் நகர்வதும் அந்த 260 திசையில்தான். நேரடியாக பிளாட் கொடுத்துக் கேலிபிரேட் செய்யப்போகிறேன்.

இதே வடிவத்தை அப்புறம் லேசர் வெட்டுக்கு டிஎக்ஸ்எஃப்பாக அனுப்பவேண்டியிருக்கும். அதிலும் இந்தத் திருத்தம் போய்விடுமா?

நுனிப்பென்சில்:

போகாது. திருத்தம் பிளாட்டரோடு நின்றுவிடும், டிஎக்ஸ்எஃப்பில் மாடலின் எண்கள் அப்படியே போகும். அதில் வேறொரு பொறி இருக்கிறது: பழைய ஆர்12 வகை டிஎக்ஸ்எஃப்பில் அலகு பற்றிய தகவலே கிடையாது. வெட்டும் மென்பொருள் அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் அந்த 25.4 திரும்ப வந்துவிடும். வெட்டாத தனி லேயரில் 100 × 100 சதுரம் ஒன்றை வைத்து, 'இது 100 மி.மீ. வரவேண்டும்' என்று கோப்போடு எழுதி அனுப்புங்கள். மாடலை மட்டும் அனுப்புங்கள், லேயவுட், அளவுக் குறிப்பு, ஹேட்ச் எதுவும் வேண்டாம்.

கோடும்கோணமும்:

சரி. கேலிபிரேட் செய்த தாளின் அளவை இங்கேயே போடுகிறேன்.

பிளாட்டர்பித்தன்:

போடும்போது எந்தத் தட்டிலிருந்து தாள் எடுத்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கையால் செருகும் தட்டும் கீழ்த்தட்டும் ஒரே அளவு தராத பொறிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.